சிறு குறைகள் உண்டு

டண்டீயில், ஹில்டவுன் ஏற்றத்தின் பாதியில்
மூச்சு வாங்கும் இடத்தில் இருக்கிறது அந்தக் கடை.
சாகக் கிடப்பவர்களின் கடைசி வாரங்களுக்காக
செத்தவர்களின் உடுப்பை விற்கிறார்கள்.
செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்குத் திறக்கும்.
ஒன்பதே காலுக்கு நான் வாசலில் நிற்பேன்.

கம்பியில் தொங்குவதைக் கண்ணால் பார்ப்பதில்லை,
தடவிக்கொண்டே நடப்பேன்.
பாலியெஸ்டர், பாலியெஸ்டர், ஏதோ கலப்பு, பாலியெஸ்டர்,
பிறகு விரல் தானாக நிற்கும்.
அன்று நின்றது ஒரு கம்பளிக் கோட்டில்.
பாசிப்பச்சை. கொம்புப் பொத்தான்.
கழுத்தின் உட்புறம், எப்போதோ மூடிவிட்ட
ஒரு தையற்கடையின் பெயர்.
விலை நான்கு பவுண்டு.

கோட்டின் இடது கை என் கையில்.
வலது கை இன்னொருத்தியின் கையில்.

மருத்துவமனையில் தரை துடைப்பவர்கள் போடும்
நீல மேலங்கி, இரவு வேலை முடிந்த கண்கள்.
"போட்டுப் பார்க்கலாம் என்று..." என்றாள்.
"மன்னிக்கணும், எடுத்துவிட்டேன்" என்றேன்.
விட்டுவிட்டாள்.
விட்டுக்கொடுப்பவர்கள் விடுவதுபோல் அல்ல,
விட்டுப் பழகியவர்கள் விடுவதுபோல்.

கல்லாவில் இஷ்பெல்.
"இதுவும் உனக்குத்தானா, மோர்வென்?"
"எனக்குத்தான்."
பொய்யில்லை. வாடகை எனக்குத்தானே.

ஆவி பிடித்து, மயிர் பொறுக்கி,
வடக்குச் சன்னல் வெளிச்சத்தில் மாட்டிப் படமெடுத்தேன்.
அக்குளுக்கு அக்குள் ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர்.
சிறு குறைகள் உண்டு:
இடது அக்குளுக்குக் கீழே பூச்சி அரித்த ஓட்டை.
பக்கத்தில் ஒரு பென்னியை வைத்து
அதையும் தனியாகப் படமெடுத்தேன்.
ஓட்டையை நான் மறைத்ததே இல்லை.
அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

நூற்று அறுபத்தைந்து பவுண்டு.
ஆன்ட்வெர்ப்பிலிருந்து ஃபெம்கே என்றொருத்தி
பேரம் பேசாமல் வாங்கினாள்.
அந்த மாத கேஸ் பில், அரைப் பல் வைத்தியம்.
கடை கேட்டதைக் கொடுத்தேன், கேட்டவளுக்கு விற்றேன்,
நடுவில் இருந்தது என் விரல்களின் படிப்பு;
அதற்குக் கூலி இல்லையா
என்று யாரும் கேட்காமலே
பஸ்ஸில் பதில் சொல்லிக்கொண்டு போனேன்.

பதினேழாம் நாள்
கைப்பேசியில் அதே பச்சை.
செங்கல் சுவரில் சாய்ந்த ஒரு நெட்டைப் பெண்மேல்.
ஐந்நூற்று இருபது யூரோ.
வர்ணனை என்னுடையது, வரிக்கு வரி.
புதிதாக ஒன்றுதான் சேர்த்திருந்தாள்:
ஸ்காட்டிஷ் தீவொன்றில் கண்டெடுத்ததாம்.
தீவு!

"திருடி" என்று கத்தினேன்.
அடுக்களையில் யாருமில்லை,
கெட்டில்தான் கொதித்து அணைந்தது.
வாங்கினாள், விற்றாள்.
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்:
அக்குளுக்குக் கீழே
இழை தெரியாமல் ஓட்டையை அடைத்திருந்தாள்.
நான் அதைக்கூடச் செய்யவில்லை.

அடுத்த செவ்வாய் இருபது பவுண்டை நான்காக மடித்து
கல்லாவோர உண்டியலில் போடப் போனேன்.
கதவருகே புதிய கம்பி, புதிய அட்டை: விண்டேஜ்.
ஒரு சாதாரணக் கம்பளிக் கோட்டு, நாற்பத்தைந்து.
இஷ்பெல் தன் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள்.
"நீங்களெல்லாம் என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்று
இப்போது நாங்களும் பார்த்துத்தான் ஒட்டுகிறோம், கண்ணு.
ஆஸ்பத்திரிக்கு நல்லதுதானே?"
நல்லதுதான்.
உண்டியலில் போட்டேனா?
போட்டேன், பத்து.

நவம்பரில் பஸ் நிறுத்தத்தில் அவளைக் கண்டேன்.
நீல மேலங்கிக்கு மேல்
கத்தரிப்பூ நிறத்தில் பளபளக்கும் புது ஜாக்கெட்,
மழை அதில் ஒட்டாமல் உருண்டு ஓடியது.
கம்பளி என்றால் இந்நேரம் ஊறிக் கனத்திருக்கும்
என்று ஒரு கணம் நிம்மதியாக நினைத்தேன்.
கழுத்தருகே ஜிப் இப்போதே பிய்ந்திருந்தது,
அங்கே ஒரு ஊக்கு.

என் பையில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு பட்டுச் சட்டை.
அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்ததா, தெரியாது.
நான் நனைவதைப் பார்த்து
கூரைக்கடியில் சற்று நகர்ந்து
இடம் விட்டாள்.